வால்வு மூடிச் சிப்பாய்

சங்ககிரி புறவழிச்சாலை எடைமேடையில்
ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை என் பாடு.
லாரி ஏறும், எண்கள் துள்ளும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
நடுவில் கிடக்கும் நேரத்துக்குத்தான்
எடை போட ஆளில்லை.

செஸ் பலகை செங்கோட்டுவேலு கொண்டுவந்தது.
வண்டி சீட்டுக்கு அடியில் கிடந்ததாம்.
வெள்ளையில் ஒரு சிப்பாய் குறைந்தது.
டயர் வால்வின் கறுப்பு மூடியை அங்கே நிறுத்தி
'இதை வெள்ளைன்னு வெச்சுக்கலாமுங்' என்றான்.
வைத்துக்கொண்டோம்.

தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி
பல்லடத்துத் தீவன மில்லில் இறக்குகிறவன்.
நாலு நாளைக்கு ஒருதரம் வருவான்,
ஒரு காயை நகர்த்துவான், போவான்.
அடுத்த நாலு நாளும் முறை என்னுடையது.
ஒரு ஆட்டம் தையில் தொடங்கி
சித்திரை வெயிலிலும் முடியாமல் நின்றது.

இரண்டு பேருக்கும் ஆட வராது.
கோட்டை கட்டினால் யானை எங்கே நிற்கும்
என்பதில் ஒவ்வொரு முறையும் தகராறு.
ஜன்னலில் நிஜக் கோட்டை
மலைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு என் குதிரையால்
அவன் சிப்பாய் ஒன்றை வெட்டுவதாக இருந்தேன்.
இலவசச் சோறு மாதிரி கிடந்தது அது.
சுண்ணாம்புக்கல் வண்டிகள் வரிசையாக வந்ததில்
கை வைக்க நேரமில்லை.
மறுநாள் ராத்திரி வந்து பார்க்கிறேன்,
குதிரை இருந்த இடத்தில் இருக்கிறது.
ராஜாவுக்கு முன்னால் நின்ற வால்வு மூடி
ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது.

பகல் ஷிப்ட் பழனாத்தாளைக் கேட்டேன்.
'எனக்கு ரசீதுப் புத்தகமே தலைவலி' என்றாள்.
டீ கொண்டுவரும் பையன் தலையைச் சொறிந்தான்.
முதலாளி இந்த அறைக்குள் வந்தால்
கல்லாவைத் தவிர எதையும் பார்க்கமாட்டார்.
கேமராவை ஓட்டிப் பார்த்தேன்.
அது மேடையை மட்டும் பார்க்கிறது.
லாரிகளின் முதுகு, தார்ப்பாய், காக்கை ஒன்று.

திருப்பி வைக்க மனசு வரவில்லை.
சோம்பல் என்றும் சொல்லலாம்.

செங்கோட்டுவேலு வந்தான்.
பலகையைப் பார்த்ததும் அவன் யானை
கடைசி வரிசை வரை இறங்கி வந்தது.
'செக்குங். முடிஞ்சுது.'
முடியவில்லை.
மூடி விட்டுப்போன வெற்றுக் கட்டத்தில்
என் ராஜா காலை எடுத்து வைத்தார்.
குதிரையை நகர்த்தியிருந்தால்
அந்த நிமிடமே புதைத்திருப்பான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.
'நாலு நாளைக்கு முன்னாலயே
இதை யோசிச்சீங்களாக்கும்?'
நான் சீட்டு இயந்திரத்தில் காகிதம் மாட்டினேன்.
இல்லை என்று சொல்லவில்லை.
அவன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தேன்,
ஒரு தேங்காய் பன்னும்.

அப்புறம் ஒரு மாதத்தில் அந்த ஆட்டத்தில் தோற்றேன்.
என் சொந்த மூளையால், சுத்தமாக.
நடுவில் வேண்டுமென்றே சில ராத்திரிகள்
நகர்த்தாமல் விட்டுவிட்டுப் போனேன்.
யாரும் தொடவில்லை.
பலகையில் சிமெண்ட் தூசிதான் படிந்தது.

இப்போது செங்கோட்டுவேலு நாக்பூர் லைனுக்கு மாறிவிட்டான்,
இந்தப் பக்கம் வர ஆடி ஆகுமாம்.
பலகையைப் பெட்டிக்குள் போட்டு
பழைய சீட்டுக் கட்டுகளுக்கு மேலே வைத்திருந்தேன்.

இன்றைக்கு வந்தால் அது மேஜையில் இருக்கிறது.
முப்பத்திரண்டும் தத்தம் கட்டத்தில்.
தூசி துடைத்திருக்கிறது.
வெள்ளை இந்த முறை எதிர்நாற்காலியின் பக்கம்.
வால்வு மூடி மட்டும்
இரண்டு கட்டம் முன்னால் வந்து நிற்கிறது.

வெளியே ஹாரன்.
இருபத்தெட்டு டன் நானூற்று எண்பது.
சீட்டைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
கறுப்பில் எனக்குப் பழக்கமில்லை.